ஒன்பது மணிக்குப் பிறகு குடிசைக்கு வெளியே: நார்ஃபோக் தீவுப் பயணக் குறிப்புகள்

வியாழக்கிழமை, சிட்னி

சர்க்குலர் கீ படகுத்துறையிலிருந்து சில நிமிட நடையில் மெக்குவாரி பிளேஸ் என்ற சிறிய பூங்கா இருக்கிறது. சுற்றிலும் அலுவலகக் கட்டடங்கள். மதிய வேளையில் உணவுப் பொட்டலத்தோடு வந்து உட்காருபவர்களின் முதுகுக்குப் பின்னால் ஒரு பழைய நங்கூரமும் ஒரு பீரங்கியும் நிற்கின்றன. 1788இல் சிட்னிக்கு வந்த முதல் கைதிக் கப்பல் தொகுதியின் தலைமைக் கப்பலான சிரியஸின் நங்கூரம் அது. அந்தக் கப்பல் 1790 மார்ச் 19 அன்று பசிபிக் கடலிலுள்ள நார்ஃபோக் தீவின் கடற்பாறையில் மோதி உடைந்தது. நூறாண்டுக்கு மேல் கடலடியில் கிடந்த நங்கூரத்தை 1905இல் எடுத்து, பிறகு இங்கே கொண்டுவந்து நிறுத்தினார்கள்.

சிரியஸ் தன் கடைசிப் பயணத்தில் நார்ஃபோக் தீவுக்குக் கொண்டுபோன கைதிகளில் ஜான் ஹட்சன் என்ற சிறுவனும் ஒருவன். அவன் போன தீவுக்குத்தான் நானும் போகிறேன். போகும் முன் அவன் வழக்கை இங்கே எழுதிவிட வேண்டும், ஏனென்றால் அவன் தன் வாயால் பேசி எழுத்தில் ஏறிய சொற்கள் நமக்குக் கிடைப்பது அந்த விசாரணையில் மட்டும்தான்.

1783 டிசம்பர் 10 அன்று லண்டன் ஓல்டு பெய்லி நீதிமன்றத்தில் அவனை நிறுத்தினார்கள். ஈஸ்ட் ஸ்மித்ஃபீல்டு பகுதியில் வில்லியம் ஹோல்ட்ஸ்வொர்த் என்பவரின் வீட்டில் இரவில் புகுந்து ஒரு லினன் சட்டை, ஐந்து பட்டுக் காலுறை, ஒரு கைத்துப்பாக்கி, இரண்டு ஏப்ரன் ஆகியவற்றைத் திருடினான் என்பது குற்றச்சாட்டு. எல்லாம் சேர்த்து 22 ஷில்லிங் மதிப்பு. நீதிமன்றம் அவனைக் கேட்டது: உனக்கு என்ன வயது? ஒன்பது நடக்கிறது. என்ன தொழில் பழகினாய்? ஒன்றுமில்லை, சில சமயம் சிமினி துடைப்பேன். தாய் தகப்பன் இருக்கிறார்களா? செத்துப்போனார்கள். எவ்வளவு காலம் ஆயிற்று? தெரியாது.

அந்தக் கடைசி பதிலைத் தாண்டி என்னால் சுலபமாகப் போக முடியவில்லை. பெற்றவர்கள் இறந்தது எப்போது என்று தெரியாத அளவுக்குச் சிறு வயதில் அநாதையாகி, குறுகலான புகைபோக்கிகளுக்குள் ஏறிக் கரி சுரண்டி வயிற்றைக் கழுவிய பிள்ளை அவன். அந்தத் தொழிலுக்குச் சிறுவர்களைப் பிடிப்பதே அவர்கள் உடம்பு சிறிது என்பதற்காகத்தான். அதே காரணத்துக்காகத்தான் திருட்டுக் கும்பல்களும் அவர்களைத் தேடின. பூட்டிய வீட்டுக்குள் பெரியவன் நுழைய முடியாத சந்தில் சிமினிப் பையன் நுழைந்துவிடுவான். ஹட்சனைக் காட்டிக்கொடுத்ததும் அந்தத் தொழில்தான். வீட்டுக்காரர் ஜன்னலருகே இருந்த மேசையில் கரி படிந்த சிறிய கால்விரல் தடங்களைக் கண்டு, அவற்றை ஒரு காகிதத்தில் கவனமாகப் பதிவெடுத்து வைத்திருந்ததாகச் சாட்சி சொன்னார். பையன் சட்டையை அடகு வைக்க வந்தான் என்று அடகுக் கடைக்காரரும் சொன்னார்.

இரவில் வீடு புகுந்து திருடினால் அன்றைய சட்டப்படி தூக்கு. இவ்வளவு சிறிய பையன்மேல் அந்தக் குற்றத்தைச் சுமத்துவது மிகக் கடுமை என்று நீதிபதியே, குற்றம் உண்டா இல்லையா என்று முடிவு சொல்லும் நடுவர்களிடம் (ஜூரியிடம்) சொன்னார். அழிவிலிருந்து இவனைப் பறித்தெடுக்க முடிந்தால் நல்லது, விட்டுவிட்டால் பழைய வாழ்க்கைக்கே திரும்பி, இப்படிப்பட்ட பிள்ளைகளை வைத்து வீடு கொள்ளையிடும் மோசமானவர்களின் கையில் கருவியாவான் என்பது அவர் வாதம். நடுவர்கள் வீடு புகுந்த குற்றத்தைத் தள்ளி, திருட்டை மட்டும் ஏற்றார்கள். தண்டனை 7 ஆண்டு நாடு கடத்தல். நீதிபதியின் இரக்கத்தை நான் சந்தேகிக்கவில்லை. ஆனால் அந்த மோசமான பெரியவர்களில் ஒருவரும் அந்த வழக்கில் கூண்டில் இல்லை.

அன்றைய ஆங்கிலப் பொதுச்சட்டம் 7 வயதுக்குக் கீழ்ப்பட்ட குழந்தையைக் குற்றவாளி என்று சொல்ல அனுமதிக்கவில்லை. 7 நிறைந்தால், நன்மை தீமை தெரியும் என்று நிரூபித்துத் தண்டிக்கலாம். நம் நாட்டில் இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 82ஆம் பிரிவாக இருந்து இப்போது பாரதிய நியாய சம்ஹிதையின் 20ஆம் பிரிவாக நிற்பதும் அதே 7தான், சிறார் நீதிச் சட்டம் தனியாக இருந்தாலும். நான் நிற்கும் இந்த நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில் அது 10.

வெள்ளிக்கிழமை, சிட்னி

மழை. மாநில நூலகத்தின் பழைய வாசிப்பறையில் பெரும்பொழுதைக் கழித்தேன்.

ஹட்சனை முதலில் அனுப்பவிருந்தது ஆஸ்திரேலியாவுக்கு அல்ல. 1784இல் மெர்குரி என்ற கப்பலில் அமெரிக்காவுக்கு ஏற்றினார்கள். அமெரிக்கக் குடியேற்றங்கள் விடுதலை பெற்றுவிட்ட பிறகும் கைதிகளை அங்கேயே தள்ளிவிடலாம் என்று லண்டன் நம்பிக்கொண்டிருந்த காலம் அது. நடுவழியில் கைதிகள் கலகம் செய்து கப்பலைக் கைப்பற்றினார்கள். புயல் அவர்களை டெவன் கரையிலுள்ள டோர்பேக்கு ஒதுக்கியது. பிடிபட்டவர்களில் ஹட்சனும் இருந்தான். பிறகு பிளிமத் துறைமுகத்தில் டன்கர்க் என்ற மிதக்கும் சிறையில் அடைத்தார்கள். கடலுக்கு உதவாமல் பாய்மரம் கழற்றிய பழைய கப்பல்களையே அந்நாளில் சிறையாக்கினார்கள்; ஈரமும் நெரிசலும் காய்ச்சலும் நிறைந்த அந்த அடித்தளங்களில் வளர்ந்தவர்களோடு சிறுவர்களும் கிடந்தார்கள். ஹட்சன் அங்கே ஏறத்தாழ மூன்று ஆண்டு இருந்தான். ஒன்பது வயதிலிருந்து பன்னிரண்டு பதின்மூன்று வரை ஒரு பிள்ளை கற்றுக்கொள்ள வேண்டியதையெல்லாம் அவன் அங்கேதான் கற்றிருக்க வேண்டும்.

1787 மார்ச்சில் அவனை ஃபிரெண்ட்ஷிப் கப்பலுக்கு மாற்றினார்கள். மே 13 அன்று 11 கப்பல்கள் போர்ட்ஸ்மத்திலிருந்து கிளம்பி, மறு ஆண்டு ஜனவரி 26 அன்று, கேடிகல் மக்களின் மண்ணான சிட்னிக் குடாவில் நங்கூரமிட்டன. அவர்களைக் கேட்டு யாரும் இறங்கவில்லை என்பதையும் இங்கே சொல்லாமல் விடக்கூடாது. முதல் தொகுதியின் ஆண் கைதிகளில் மிக இளையவன் ஹட்சன். பெண்களில் இளையவளாகச் சொல்லப்படும் எலிசபெத் ஹேவர்ட் ஒரு லினன் கவுனும் பட்டுத் தொப்பியும் திருடியதற்காகத் தண்டனை பெற்ற 13 வயதுச் சிறுமி.

நூலகத்துக்கு வந்ததற்குக் காரணம் ரால்ஃப் கிளார்க். அவர் ஃபிரெண்ட்ஷிப்பில் வந்த கடற்படை வீரர் பிரிவின் அதிகாரி; பின்னர் நார்ஃபோக் தீவுக்கும் போனவர். அவர் எழுதிய நாட்குறிப்பு இந்த நூலகத்தின் சேகரிப்பில் உள்ளது. ஊரில் விட்டுவந்த மனைவியையும் நடக்கப் பழகிய சின்ன மகனையும் நினைத்து நினைத்து உருகியிருக்கிறார். மனைவியின் படத்தை முத்தமிட்டதை எழுதுகிறார், கனவுகளை எழுதுகிறார், மகனுக்கு உடம்பு நன்றாக இருக்க வேண்டுமே என்று கலங்குகிறார். அவர் நின்ற மரப்பலகைக்குக் கீழேதான், தாய் தகப்பன் எப்போது இறந்தார்கள் என்று தெரியாத ஒரு பையன் படுத்திருந்தான். கிளார்க்கைக் கெட்ட மனிதர் என்று தள்ள நான் விரும்பவில்லை. தன் பிள்ளை, கைதிப் பிள்ளை என்ற பிரிவு அன்றைய பெரியவர்களின் மனத்தில் எவ்வளவு இயல்பாகக் குடியிருந்தது என்பதை அந்த நாட்குறிப்பைப் போல வேறெதுவும் எனக்குக் காட்டியதில்லை.

சனிக்கிழமை, நார்ஃபோக் தீவு

சிட்னியிலிருந்து விமானத்தில் மூன்று மணி நேரத்துக்குள் வந்துவிடலாம். ஆஸ்திரேலியக் கரையிலிருந்து கிழக்கே 1,400 கிலோமீட்டர், மொத்தப் பரப்பு ஏறத்தாழ 35 சதுர கிலோமீட்டர். எங்கு பார்த்தாலும் நிமிர்ந்து நிற்கும் ஊசியிலை மரங்கள். சாலையில் மாடுகளுக்குத்தான் முன்னுரிமை; எதிரே வரும் வண்டிக்காரர்கள் எல்லோரும் கையசைத்துவிட்டுப் போகிறார்கள்.

மாலையில் கிங்ஸ்டன் கரைக்கு இறங்கினேன். இத்தீவுக்கு இயற்கைத் துறைமுகம் கிடையாது. இன்றைக்கும் சரக்குக் கப்பல் கரைக்குத் தள்ளி நிற்க, சிறு படகுகளில் சாமானை இறக்கிக் கொண்டுவந்து துறையில் ஏற்றுகிறார்கள். காற்று மாறினால் தெற்கிலுள்ள கிங்ஸ்டனை விட்டு வடகிழக்கிலுள்ள கேஸ்கேடுக்குப் போய்விடுகிறார்கள். 1790இலும் அப்படித்தான். சிட்னியில் உணவு தீர்ந்துகொண்டிருந்தது. இங்கிலாந்திலிருந்து பொருள் ஏற்றி வந்த கார்டியன் கப்பல் பனிப்பாறையில் மோதிப் பாழானது சிட்னிக்குத் தெரியாது, எதிர்பார்த்துக் காத்திருந்தார்கள். மண் வளமான நார்ஃபோக்குக்குக் கொஞ்சம் பேரை அனுப்பினால் சுமை குறையும் என்று ஆளுநர் ஃபிலிப், சிரியஸிலும் சப்ளை என்ற சிறு கப்பலிலும் கைதிகளையும் வீரர்களையுமாக இருநூறுக்கு மேற்பட்டவர்களை ஏற்றிவிட்டார். ஆட்களைக் கேஸ்கேடில் இறக்கிவிட்டு, சாமான்களை இறக்க இந்தப் பக்கம் வந்த சிரியஸைத்தான் அலை பாறைமேல் தூக்கிப் போட்டது. ஆள் சேதமில்லை. ஆனால் இருந்த ஒரே பெரிய கப்பல் போயிற்று, தீவின் ஆட்சிப் பொறுப்பை ஏற்றிருந்த மேஜர் ராபர்ட் ராஸ் இராணுவச் சட்டத்தை அறிவித்தார்.

கரையில் நின்றால் கப்பல் உடைந்த இடம் எவ்வளவு கிட்டே என்பது தெரிகிறது. பாறைவரிசையில் அலை உடையும் வெள்ளைக் கோட்டுக்கு உள்ளே நீர் குளம் மாதிரி அடங்கிக் கிடக்கிறது. பிள்ளைகள் கண்ணாடி மாட்டிக்கொண்டு மீன் பார்த்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமை, கிங்ஸ்டன்

இங்கே வரும் எவரையும் முதலில் கவர்வது கல் கட்டடங்கள்தான்: படைவீடுகள், சிறைச்சுவர்கள், அதிகாரிகள் வாழ்ந்த வரிசை. 2010இல் ஆஸ்திரேலியாவின் 11 கைதித் தலங்களை யுனெஸ்கோ உலக மரபுச் சின்னமாக ஏற்றபோது இதுவும் அதில் சேர்ந்தது. ஆனால் இவற்றில் ஏறக்குறைய எதுவும் ஹட்சன் பார்த்தது அல்ல. இவை 1825இல் தொடங்கி 1850களில் முடிந்த இரண்டாம் குடியேற்றத்தின் கட்டடங்கள். முதல் குடியேற்றம் 1788 முதல் 1814 வரை நடந்தது. அதைக் கைவிட்டபோது வேறு நாட்டார் வந்து பயன்படுத்தக் கூடாது என்று வீடுகளை அழித்துவிட்டே போனார்கள். அந்தப் பையன் படுத்த மரக்குடிசையின் ஒரு பலகைகூட மிஞ்ச வாய்ப்பில்லை. கல்லறைத் தோட்டத்தில் கண்ணில் படும் கற்களும் பெரும்பாலும் பிந்திய காலத்தவை. சிரியஸ் அருங்காட்சியகத்தில் கடலிலிருந்து மீட்ட நங்கூரமும் பீரங்கியும் கப்பலின் சிறு உலோகப் பாகங்களும் இருக்கின்றன.

பிற்பகலில் மவுண்ட் பிட் ஏறினேன். ஹட்சன் வாழ்ந்த தீவைப் பார்க்க வேண்டுமானால் இங்கேதான் வரவேண்டும் என்று நினைக்கிறேன். கப்பல் உடைந்த அந்த ஆண்டின் குளிர்காலத்தில் மக்களைக் காப்பாற்றியது இந்த மலை. கடற்பறவை ஒன்று அப்போது ஆயிரமாயிரமாக வந்து இங்கே நிலத்தில் வளை தோண்டிக் குஞ்சு பொரித்தது. பகலெல்லாம் கடலில் திரிந்து, இருட்டத் தொடங்கியதும் மலைக்குத் திரும்பும். தரையில் அது வேகமாக நகர முடியாது. ஆட்கள் தீப்பந்தத்தோடு மலையேறி, கைக்கு அகப்பட்டதைக் கொன்று மூட்டை கட்டிக்கொண்டு நள்ளிரவில் இறங்கினார்கள். சில மாதங்களில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட பறவைகளைத் தின்றார்கள். கடவுளே அனுப்பினார் என்று அதற்குத் தெய்வ அருள் பறவை எனப் பெயரிட்டவர்கள், சில ஆண்டுகளுக்குள் அது இந்த மலையில் இல்லாமல் போகும்படி செய்துவிட்டார்கள். லார்ட் ஹோவ் தீவில் இன்னும் இருக்கிறது.

பாதை செங்குத்தானது இல்லை. ஆனால் பனைகளும் பெரணிகளும் நெருங்கியிருக்கும் இடங்களில் மாலை நான்கு மணிக்கே வெளிச்சம் மங்குகிறது. பதினைந்து பதினாறு வயதில், அரைவயிற்றுப் பங்கீட்டில், உழைக்க வலுவுள்ளவன் என்று கணக்கிடப்பட்ட ஒருவன் இந்தச் சரிவில் இரவில் ஏறி இறங்கியிருப்பான் என்று எண்ணுவதில் தவறில்லை.

திங்கட்கிழமை, கிங்ஸ்டன்

இன்று எழுத வேண்டியது ஒரே ஒரு பதிவைப் பற்றி. 1791 பிப்ரவரி 15 அன்று ஜான் ஹட்சனுக்கு 50 கசையடி. குற்றம்: இரவு ஒன்பது மணிக்குப் பிறகு தன் குடிசைக்கு வெளியே இருந்தது.

வேறு ஒன்றும் இல்லை. திருடினான் என்றோ, எதிர்த்துப் பேசினான் என்றோ இல்லை. பசிக் காலத்தில் தோட்டத்துக் கிழங்கும் கோழியும் இரவில்தான் காணாமல் போகும் என்பதால் ஊரடங்குக்கு ஒரு காரணம் இருந்திருக்கலாம். ஆனால் ஒன்பது வால் கொண்ட சவுக்கால் ஐம்பது அடி என்பது அந்தக் காரணத்தோடு பொருந்துகிற தண்டனை அல்ல. பத்தாவது அடிக்கெல்லாம் தோல் கிழிந்துவிடும். அதன் பிறகு விழுவது பச்சைச் சதையின்மேல்.

இந்தத் தேதியை நான் பல முறை படித்திருக்கிறேன். நேற்றிரவு விடுதியில் உட்கார்ந்து அதை வழக்கின் தேதியோடு சேர்த்து வைத்துப் பார்த்தேன். தண்டனை விதித்த நாள் 1783 டிசம்பர் 10. தண்டனைக் காலம் 7 ஆண்டு. தீர்ப்பு நாளிலிருந்து எண்ணினால் அது 1790 டிசம்பர் 10 அன்று முடிந்துவிட்டது. சவுக்கடி விழுந்தது அதற்கு இரண்டு மாதம் கழித்து. அதாவது, அடி வாங்கியவன் லண்டன் நீதிமன்றத்துக்குத் தர வேண்டியதையெல்லாம் தந்து முடித்தவன்.

இது எப்படி நடந்தது என்பதற்கு விளக்கம் உண்டு. முதல் கப்பல் தொகுதி கிளம்பியபோது, கைதிகளில் யாருக்கு எந்த நாளில் தண்டனை முடிகிறது என்பதைக் காட்டும் ஆவணங்களை இங்கிலாந்திலேயே விட்டுவிட்டு வந்தார்கள். அதனால் 1789இலேயே, தங்கள் காலம் முடிந்துவிட்டது என்று சொன்னவர்களை விடுவிக்க ஆளுநரிடம் ஆதாரம் இல்லை. காகிதம் வரும்வரை காத்திரு, அதுவரை வேலை செய் என்பதே பதிலாக இருந்தது. அப்படிக் கேட்டவர்களில் ஜான் கல்லிஹார்ன் என்பவருக்கு, துணை ஆளுநரைப் பற்றி அவதூறு பேசியதாகச் சொல்லி 600 கசையடி விதித்தார்கள். அந்தத் துணை ஆளுநர் மேஜர் ராஸ். ஹட்சன் அடி வாங்கிய நாளில் நார்ஃபோக் தீவை ஆண்டவரும் அதே ராஸ்தான். இப்படியொரு ஆட்சியில், எழுதப் படிக்கத் தெரிந்திருக்க வாய்ப்பில்லாத பதினாறு வயதுப் பையன் ஒருவன் எழுந்து நின்று என் ஏழு வருஷம் முடிந்துவிட்டது என்று சொல்லியிருப்பானா? சொன்னால் யார் கேட்டிருப்பார்கள்? பிள்ளையைக் கட்டிப்போட்ட சட்டம், அவனை எப்போது அவிழ்த்துவிட வேண்டும் என்ற கணக்கை மட்டும் கையோடு எடுத்து வரவில்லை. இதை ஒரு எழுத்தரின் கவனக்குறைவு என்று என்னால் கடந்துபோக முடியாது. பீரங்கியையும் விதையையும் ஆட்டையும் மாட்டையும் எண்ணி ஏற்றியவர்கள் அவர்கள்.

செவ்வாய்க்கிழமை, எமிலி பே

ஹட்சனை அடித்த அந்த மாதத்தில் இத்தீவில் இன்னொரு குழந்தைக் கைதியும் இருந்தாள். மேரி வேட், லண்டன் தெருக்களில் பெருக்கிப் பிச்சையெடுத்துப் பிழைத்தவள். பதினொரு வயதிருக்கும்போது, ஜேன் வைட்டிங் என்ற 14 வயதுச் சிறுமியோடு சேர்ந்து எட்டு வயதுப் பிள்ளை ஒருத்தியின் உடையைப் பறித்து, கவுனை அடகு வைத்தாள். 1789 ஜனவரியில் ஓல்டு பெய்லி இருவருக்கும் தூக்குத் தண்டனை விதித்தது. அப்போது மூன்றாம் ஜார்ஜ் மன்னரின் மனநோய் குணமானதாக மார்ச் மாதம் அறிவிக்க, அந்த மகிழ்ச்சியில் தூக்குக்குக் காத்திருந்த பெண்களின் தண்டனை நாடு கடத்தலாக மாறியது. மன்னர் சுகமானதால் இரண்டு சிறுமிகள் பிழைத்தார்கள். லேடி ஜூலியானா கப்பல் 1790 ஜூன் 3 அன்று மேரியைச் சிட்னியில் இறக்கியது. ஆகஸ்டில் சர்ப்ரைஸ் கப்பலில் அவளும் இங்கே வந்தாள்.

எமிலி பே வளைகுடாவின் மணலில் நின்றுகொண்டு இதை நினைப்பது வேறு மாதிரி இருக்கிறது. தீவில் அப்போது இருந்தவர்கள் ஒரு சிற்றூர் அளவே. ஒருவரை ஒருவர் பார்க்காமல் இருந்திருக்க முடியாது. சவுக்கடிகளை ஊர் கூட்டித்தான் கொடுப்பார்கள்.

மேரி பிறகு சிட்னிக்குத் திரும்பினாள், ஜானதன் புரூக்கரோடு குடும்பம் நடத்தினாள், எல்லாமாக 21 குழந்தைகளைப் பெற்றாள். 1859 டிசம்பர் 17 அன்று வுலாங்காங் அருகே ஃபேரி மெடோவில் இறந்தபோது அவளது வழிவந்தவர்கள் 300 பேருக்கு மேல் உயிரோடு இருந்தார்கள். முன்னாள் பிரதமர் கெவின் ரட் அந்த வம்சத்தவர். அவள் கதையைச் சொல்லிக் கைதிப் பிள்ளைகளின் வாழ்வு கடைசியில் நல்லபடியாக முடிந்தது என்று பேசுபவர்கள் உண்டு. அவளுடைய வலிமைக்கு நான் தலைவணங்குகிறேன். ஆனால் அது அவளுடைய வலிமை, அவளை அனுப்பியவர்களின் நற்செயல் ஆகாது. வம்சம் இருந்ததால் அவளைத் தேடிக் கண்டெடுக்க ஆட்கள் இருந்தார்கள். ஹட்சனைத் தேட அப்படி ஒருவரும் இல்லை. ஐம்பது அடிக்குப் பிறகு அவன் வாழ்வைத் தொடர்ந்து சொல்லும் தடம் இல்லை. விடுதலையானவர்கள் பலர் கப்பலில் கூலிக்குச் சேர்ந்து போனார்கள், சிலர் நிலம் வாங்கி நொடித்தார்கள், சிலர் காய்ச்சலில் இறந்தார்கள். அவனுக்கு எதையாவது ஒன்றைக் கற்பனையாக எழுதிக் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை.

ஹட்சன் சிட்னியில் இறங்கிய அதே 1788இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் எட்டு வயதுக்குக் குறைந்த பிள்ளையைச் சிமினித் தொழிலில் சேர்க்கக் கூடாது என்று சட்டம் இயற்றியது. ஆனால் அதை நடைமுறைப்படுத்த ஆளில்லை. 1875ஆம் ஆண்டுச் சட்டம் வந்த பிறகே அந்தக் கொடுமை உண்மையில் ஓய்ந்தது.

கிங்ஸ்டனில் நான் சென்ற இடங்களில் ஹட்சனின் பெயர் தாங்கிய பலகை எதுவும் என் கண்ணில் படவில்லை. படகுத்துறைக்குப் பக்கத்தில் ஒன்று வைக்க வேண்டும் என்பது என் விருப்பம். வழக்கமாக எழுதும் முதல் கப்பல் தொகுதியின் இளைய கைதி என்ற வரி அதற்குப் போதாது. திருடிய பொருளின் மதிப்பு 22 ஷில்லிங், தண்டனை முடிந்த நாள் 1790 டிசம்பர் 10, சவுக்கடி வாங்கிய நாள் 1791 பிப்ரவரி 15 என்று மூன்றையும் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதி வைக்க வேண்டும்.